கேணி என்று முடியும் ஊர்கள்

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலை வீதியில் வடக்கே போகிறவர்கள், ஓட்டமாவடிப் பாலத்தைத் தாண்டியதும் ஊர்ப் பெயர்ப் பலகைகளைக் கொஞ்சம் ஊன்றிப் படிக்க வேண்டும். காயான்கேணி, மாங்கேணி, பனிச்சங்கேணி. உட்புறத்தில் மதுரங்கேணி. வாகரையையும் பால்சேனையையும் கடந்தால் புச்சாக்கேணி. தெற்கே, ஏறாவூர்ப் பக்கத்துக் கடற்கரையில் களுவன்கேணி. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பும் உப்பாறும். இரண்டுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் மணல் நிலத்தில் இத்தனை கேணிகள் எங்கிருந்து வந்தன?

பெயர் வைத்தவர்கள் அங்கே தமக்குக் கிடைத்ததையே பெயராக வைத்தார்கள். உப்புத் தண்ணீர் சூழ்ந்த கரையில், கையால் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும் இடம் எதுவோ அங்கே குடியிருந்தார்கள். மணலை இடுப்பளவுக்குத் தோண்டி, ஊறுகிற நீரைச் சிரட்டையால் அள்ளினால் அது பூவல். அதையே கொஞ்சம் அகலமாகவும் நிலையாகவும் வைத்துக்கொண்டால் கேணி. அலைச் சத்தம் கேட்கும் தூரத்தில் தோண்டிய பூவலில் இனிப்பான தண்ணீர் ஊறுவதைக் கரையூர்ப் பிள்ளைகள் அதிசயமாகப் பார்ப்பதில்லை. பிறந்த நாள் முதல் அவர்கள் குடிப்பது அதைத்தான். ஆனால் அது அதிசயம்தான். நூலில் கட்டித் தொங்கவிட்ட தராசு மாதிரி, ஒரு விரல் பட்டால் சாயக்கூடிய சமநிலை அது.

இந்த ஊர்களில் பலவற்றில் வாழ்கிறவர்கள் கடலோர வேடர்கள். வேடர் என்றதும் மகியங்கனைப் பக்கத்துத் தம்பானைதான் பலருக்கும் நினைவுக்கு வரும். மட்டக்களப்புக்கும் திருகோணமலைக்கும் இடைப்பட்ட கரையில், தமிழ் பேசி, கடலிலும் களப்பிலும் மீன்பிடித்து, காட்டில் தேனெடுத்து, சேனைப்பயிர் செய்து வாழும் வேடர் சமூகம் ஒன்று உண்டு. செலிக்மன் தம்பதியர் 1911 இல் வெளியிட்ட ‘வேடர்கள்’ என்ற ஆங்கில நூலிலேயே இவர்களுக்குத் தனி இடம் இருக்கிறது. களுவன்கேணி, குஞ்சன்குளம், பால்சேனை எனத் தொடங்கி வெருகலுக்கு அப்பால் மூதூர்ப் பக்கம் வரைக்கும் இவர்களுடைய குடியிருப்புகள் நீள்கின்றன. குமார தெய்வத்துக்கும் மறைந்த முன்னோருக்கும் இவர்கள் செய்யும் சடங்குகள் தனித்துவமானவை. மொழி தமிழாக இருப்பதால் அரசாங்கப் பதிவுகளிலே பெரும்பாலும் ‘தமிழர்’ என்ற ஒரே கட்டத்துக்குள் கரைந்துவிடுகிறார்கள். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் ஏறியபோது இந்தக் கரையும் அழிந்தது. 2006 இன் இறுதியிலும் 2007 இன் தொடக்கத்திலும் போர் வாகரையையே வெறுமையாக்கியது. திரும்பி வந்தவர்களுக்கு வீடு இருக்கவில்லை, வள்ளம் இருக்கவில்லை. மணலுக்குள் தண்ணீர் மட்டும் இருந்தது.

அந்த மணலுக்குத்தான் இப்போது விலை பேசப்படுகிறது.

வாடைக்காற்று அடித்து ஓய்ந்த பிறகு கிழக்குக் கரையில் நடந்தால், அலை ஏறி இறங்கிய இடத்தில் மை தீட்டியதுபோல் கறுப்புக் கோடுகள் தெரியும். கருமணல். அதன் முக்கிய கூறு இல்மனைட். இரும்பும் டைட்டேனியமும் ஒட்சிசனும் சேர்ந்த கனிமம் இது. மலைநாட்டுப் பாறைகள் கோடிக்கணக்கான ஆண்டுகள் உக்கி, ஆறுகள் அள்ளிவந்து கடலில் போட்டதை, அலை ஓயாமல் புடைத்துப் பிரித்திருக்கிறது. சாதாரண வெண்மணலின் அடர்த்தி 2.65. இல்மனைட்டின் அடர்த்தி ஏறத்தாழ 4.7. சுளகில் அரிசி புடைக்கும்போது உமி பறந்து கல் தங்குவதுபோல, இலேசான வெண்மணலை அலை இழுத்துக்கொண்டு போக, கனமான கருமணல் கரையில் தங்குகிறது. சுவருக்குப் பூசும் வெள்ளைப் பெயின்ட், காகிதம், பிளாஸ்டிக், பற்பசை ஆகியவற்றின் வெண்மை டைட்டேனியம் டையொக்சைட்டிலிருந்து வருவது. அதற்கு மூலப்பொருள் இந்தக் கறுப்பு மணல்.

இலங்கையில் இது புதிய தொழில் ஒன்றுமில்லை. திருகோணமலை மாவட்டத்தின் புல்மோட்டையில் அரசுக்குச் சொந்தமான கனிய மணல் கூட்டுத்தாபனம் 1957 இல் தொடங்கப்பட்டது. மன்னார்த் தீவில் டைட்டேனியம் சாண்ட்ஸ் என்ற அவுஸ்திரேலிய நிறுவனம் ஆய்வு உரிமங்களைப் பெற்று மணலைத் துளைத்துப் பார்த்திருக்கிறது. அங்கே மக்கள் எதிர்ப்பு இன்னும் அடங்கவில்லை. அம்பாறைக் கரையில் திருக்கோவில் மக்கள் இல்மனைட் அகழ்வுக்கு எதிராக வீதிக்கு வந்தார்கள். வாகரைப் பிரதேசத்திலும், கதிரவெளிப் பக்கத்துக் கரையிலும் இல்மனைட் முயற்சிகளும் அவற்றுக்கு எதிரான போராட்டங்களும் அண்மைய ஆண்டுகளில் நடந்திருக்கின்றன. இந்தப் போராட்டங்களைப் பற்றிய செய்திகளில் கடலரிப்பு வருகிறது, மீன்பிடி வருகிறது, காணி வருகிறது. தண்ணீர் ஓரமாக ஒரு வரியில் வந்துவிட்டுப் போகிறது. என் கணிப்பில் அந்த ஒரு வரிதான் முதல் வரியாக இருக்க வேண்டும்.

மணலுக்குள் நல்ல தண்ணீர் எப்படித் தங்குகிறது?

மட்டக்களப்பில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,700 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கித் தை வரையுள்ள மாரியில் கொட்டித் தீர்ந்துவிடும். களிமண் தரையில் விழும் மழை ஓடிவிடும். மணலில் விழும் மழை அப்படியே உள்ளே இறங்கும். இறங்கிய நன்னீருக்குக் கீழே ஏற்கனவே கடல்நீர் நிற்கிறது. கடலும் களப்பும் இருபுறமும் மணலை ஊடறுத்து நிலத்துக்கு அடியில் கைகோத்திருக்கின்றன. அந்த உப்புநீரின் மேல் நன்னீர் மிதக்கிறது.

நன்னீர் ஒரு லீற்றர் ஒரு கிலோ. கடல்நீர் ஒரு லீற்றர் ஏறத்தாழ 1.025 கிலோ. வித்தியாசம் நாற்பதில் ஒரு பங்கு. அப்படியானால் 40 அடி உயரமான கடல்நீர்த் தூணும் 41 அடி உயரமான நன்னீர்த் தூணும் ஒரே எடை. இந்தச் சின்னக் கணக்கு சொல்வது மிகப் பெரிய செய்தி: மணலுக்குள் நன்னீர், கடல்மட்டத்துக்கு மேலே ஒரு அடி நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே நாற்பது அடிக்கு உப்புநீரை அமுக்கி வைத்திருக்கும். ஒல்லாந்து இராணுவப் பொறியியலாளர் படோன் கைபன் 1880களின் இறுதியிலும், ஜெர்மன் பொறியியலாளர் ஹெர்ட்ஸ்பெர்க் 1901 இலும் தனித்தனியே இதைக் கண்டு எழுதினார்கள். ஹெர்ட்ஸ்பெர்க் பார்த்தது வடகடலின் மணல் தீவுகளில். வாகரைக் கேணியும் அதே விதிக்குத்தான் கட்டுப்படுகிறது. இங்கே மணலுக்கு அடியில் கடும்பாறை கிடப்பதால் நாற்பது அடிக் கணக்கு எல்லா இடத்திலும் முழுமையாக வராது. நன்னீருக்கும் உப்புநீருக்கும் நடுவே கோடு கிழித்ததுபோன்ற எல்லையும் கிடையாது. இரண்டும் கலந்து சவர்த்தண்ணீரான ஒரு பட்டை இருக்கும். ஆனால் தராசின் நியாயம் அதேதான்.

வாவியில் சரக்கேற்றிய தோணியை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே தெரிவது கொஞ்சம், கீழே அமிழ்ந்திருப்பது அதிகம். மேலிருந்து சரக்கை இறக்க இறக்கத் தோணியின் அடிப்பலகை மேலெழும். நன்னீரும் அப்படியே. மேல்மட்டத்தில் 10 சென்ரிமீற்றர் இறங்கினால், காலப்போக்கில் அடியிலிருந்து உப்பு 4 மீற்றர் மேலே வரும். கிணற்றை எட்டிப் பார்க்கிறவருக்கு ஒரு சாண் கூடக் குறையாத மாதிரித்தான் தெரியும். கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில் இரண்டு ஆள் உயரத்துக்கு உப்பு ஏறியிருக்கும்.

தோண்டத் தோண்ட ஊறும் என்ற நம்பிக்கையோடு வள்ளுவர் கல்விக்கு உவமை சொன்ன மணற்கேணி, ஆற்று மணலில் தோண்டியதாக இருக்க வேண்டும். கடற்கரை மணற்கேணிக்கு எல்லை உண்டு. ஆழம் போனால் உப்புத்தான். அதனால்தான் கிழக்குக் கரையின் பழைய கேணிகள் ஆழமில்லாமல் அகலமாக இருக்கின்றன. அவற்றை வெட்டியவர்களுக்கு யாரும் அடர்த்திக் கணக்கைச் சொல்லிக்கொடுக்கவில்லை. மேலே நிற்கும் இனிப்புத் தண்ணீரை மெல்ல அள்ளி, இரவில் ஊறவிட்டு, காலையில் மறுபடி அள்ளினார்கள். அதே இடத்தில் குழாய் இறக்கி இயந்திரத்தால் இழுத்தால், குழாயின் வாய்க்கு நேர் கீழே உப்புநீர் கறையான் புற்றுப்போல் கூம்பாக எழும்பி வரும். வாளி உறிஞ்சாததைக் குழாய் உறிஞ்சும்.

கடல்நீர் எவ்வளவு கலந்தால் கெடும்? கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 19,000 மில்லிகிராம் குளோரைட் இருக்கிறது. 250 மில்லிகிராமைத் தாண்டினால் நாக்கு கண்டுபிடித்துவிடும். நூறு குடம் நல்ல தண்ணீரோடு ஒன்றரைக் குடம் கடல்நீர் சேர்ந்தாலே போதும், அந்த எல்லை கடந்துவிடும். நூற்றில் ஒன்றரை. இந்தக் கரையில் தண்ணீர் இனிப்பதற்கும் உவர்ப்பதற்கும் இடையே இருக்கிற அளவு அது.

இன்னுமொரு விதி, இதைவிட அதிகம் கவனிக்க வேண்டியது. இருபுறமும் உப்புநீர் உள்ள மணல் பட்டையில், நடுவே நன்னீர் எவ்வளவு தடிப்பாக நிற்கும் என்பது பட்டையின் அகலத்தைப் பொறுத்தது. அகலம் பாதியானால் நடுத்தடிப்பும் ஏறத்தாழப் பாதியாகும். அகலமும் பாதி, தடிப்பும் பாதி என்றால் மொத்தத் தண்ணீர் கால்பங்கு. அகன்ற மணல்மேட்டில் நூறு குடம் நின்றால், பாதி அகல மேட்டில் ஐம்பது குடம் நிற்காது, இருபத்தைந்துதான் நிற்கும். பனிச்சங்கேணிப் பக்கம் கடலிலிருந்து களப்புக்கு நடந்தே போய்விடலாம். அவ்வளவு ஒடுங்கிய நிலம்.

இலங்கையின் நிலத்தடி நீரை ஆறு வகையாகப் பிரித்துக் காட்டியவர் மண்ணியல் அறிஞர் சி. ஆர். பானபொக்க. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நீர் ஒன்று, கரையோர மணல் நீர் இன்னொன்று. கல்குடாக் கரையின் உயர்ந்த மணல்மேடுகளைப் புல்மோட்டை, நிலாவெளிக் கரைகளோடு சேர்த்து அந்த வகைக்குள் அவர் வைத்தார். இந்த வகை நீர்நிலைக்கு ஒரு தனித்தன்மை. பாறையை உடைத்துச் செம்பெடுத்தாலும் நிலக்கரி எடுத்தாலும், வெட்டியெடுக்கிற பொருள் வேறு, தண்ணீரைத் தாங்குகிற அடுக்கு பெரும்பாலும் வேறு. கரையோர மணலில் இரண்டும் ஒன்று. குளத்துக்குக் கட்டும் கரையும் குளத்தின் படுக்கையும் இங்கே மணல்தான். கருமணலுக்காகத் தோண்டுவது குளத்தைத் தோண்டுவது.

தோண்டும்போது என்ன நடக்கும்? மணலில் கனிமம் நூற்றுக்கு ஐந்து பங்கு என்று வைத்தால், ஒரு தொன் கனிமத்துக்கு இருபது தொன் மணலைப் புரட்ட வேண்டும். புரட்டிய மணலைத் தண்ணீரோடு குழைத்து, சுருள் சுருளான சரிவுத் தட்டுகளில் ஓடவிடுவார்கள். கனமானது உள்விளிம்புக்கும் இலேசானது வெளிவிளிம்புக்கும் பிரியும். அலை செய்ததையே இயந்திரம் வேகமாகச் செய்கிறது. இந்தக் குழம்பில் மணலைவிடத் தண்ணீர் அதிகம். தண்ணீரைத் திரும்பத் திரும்பச் சுழற்றலாம் என்பது உண்மை. ஆனாலும் ஒவ்வொரு சுற்றிலும் வெயிலுக்கும் கசிவுக்கும் போவதை ஈடுகட்டப் புதுநீர் வேண்டும். அந்தப் புதுநீரை வாகரையில் எங்கிருந்து எடுப்பது? அதே மணலிலிருந்து எடுத்தால் தோணியின் சரக்கை இறக்குகிறோம். கடலிலிருந்து எடுத்தால், கழுவிக் கொட்டிய மணலிலிருந்து உப்பு மேலிருந்து கீழே இறங்கும். நன்னீருக்குக் கீழிருந்தும் ஆபத்து, மேலிருந்தும் ஆபத்து.

குழி நீர்மட்டத்தைத் தொட்டுவிட்டால் இன்னொரு இழப்பு தொடங்கும். மணலுக்குள் இருக்கும் தண்ணீரை வெயில் எளிதில் எட்டாது. திறந்த குழியில் கிடக்கும் தண்ணீரைக் கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெயில் நாளுக்குப் பல மில்லிமீற்றர் குடிக்கும். மாரியில் சேர்த்ததைக் கோடை முடிவதற்குள் ஆவியாக்கிவிட ஒரு குழிக்கு முடியும்.

மணலை எடுத்த இடத்திலேயே திரும்பப் போட்டுவிடுவோம், எடுப்பது நூற்றில் சில பங்கு மட்டுமே என்பது நிறுவனங்கள் வழக்கமாகச் சொல்லும் பதில். இதை அலட்சியமாகத் தள்ளிவிடக் கூடாது. நல்ல மழையும் பெரிய அகலமும் உள்ள இடங்களில், கவனமாக நிரப்பினால் நீர்மட்டம் மீளச் சாத்தியம் உண்டு. ஆனால் காற்றும் அலையும் ஆயிரமாயிரம் ஆண்டு அடுக்கிய மணலும், குழாயால் பீய்ச்சிக் கொட்டிய மணலும் ஒன்றாக இருக்காது. கழுவும்போது பிரியும் நுண்சேறு படலமாகப் படிந்தால் மழை கீழே இறங்கத் தடுமாறும். மேட்டின் உயரம் குறைந்தால் புயல் நாளில் அலை உள்ளே ஏறும். அடம்பன் கொடியும் தாழையும் போன இடத்தில் அவை திரும்பி வேர்பிடிக்க ஆண்டுகள் ஆகும்.

உப்பு மேலிருந்து இறங்கினால் என்ன ஆகும் என்பதை மட்டக்களப்பு ஏற்கனவே ஒருமுறை பார்த்துவிட்டது. சுனாமிக்குப் பிறகு சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் களுதாவளை, கல்லடி, ஓட்டமாவடி ஆகிய மூன்று இடங்களில் ஏறத்தாழ 150 கிணறுகளைத் தொடர்ந்து அளந்தார்கள். கடலேறிய கிணறுகளைத் துப்புரவாக்க, நல்ல மனதோடு வந்த நிறுவனங்களும் ஊரவரும் இயந்திரம் வைத்துத் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். இறைக்க இறைக்கத் தெளியும் என்பதுதான் எல்லோருடைய எதிர்பார்ப்பும். ஆனால் அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியிலிருக்கும் உப்பும் மேலே இழுபடும். ஆய்வாளர்களின் எச்சரிக்கை அதுவாகவே இருந்தது. கடைசியில் கிணறுகளைக் கழுவியது இயந்திரம் இல்லை. அடுத்தடுத்து வந்த மாரி மழைதான் உப்பை மெல்ல மெல்ல வெளியே தள்ளியது. ஒரு நாள் கடல் ஏறியதை ஆற்றுவதற்கே மாரிகள் தேவைப்பட்டன. வருடக்கணக்கில் நடக்கும் அகழ்வை ஆற்ற எத்தனை மாரி தேவைப்படும்?

இதே சிக்கல் உலகின் வேறு பூர்வகுடிகளுக்கும் நேர்ந்திருக்கிறது. அமெரிக்காவின் அரிசோனாவில் ஹோப்பி, நவஹோ மக்களின் நிலத்தில் பீபொடி என்ற நிறுவனம் நிலக்கரி வெட்டியது. நிலக்கரியைத் தூளாக்கித் தண்ணீரோடு கலந்து, 440 கிலோமீற்றர் நீளக் குழாயில் மின்னிலையத்துக்கு ஓடவிட்டார்கள். அதற்காகப் பாலைவனத்தின் அடியிலிருந்து நாளொன்றுக்கு ஒரு கோடி லீற்றருக்கும் மேல் குடிநீர்த் தரமான தண்ணீர் உறிஞ்சப்பட்டது. தங்கள் ஊற்றுகள் மெலிகின்றன என்று ஹோப்பிகள் சொன்னார்கள். வறட்சியையும் ஊர்களின் பாவனையையும் காரணம் காட்டியது நிறுவனம். முப்பது ஆண்டுகளுக்கும் மேல் இயங்கிய அந்தக் குழாய் 2005 இன் இறுதியில்தான் நின்றது. ஊற்று மெலிந்ததைக் கண்ணால் கண்டவர்கள் ஒரு பக்கம், கணினி மாதிரியைக் கையில் வைத்திருந்தவர்கள் மறுபக்கம். அளவீடு யார் கையில் இருக்கிறதோ அவர்களுடைய வார்த்தைக்கே சபையில் எடை.

அவுஸ்திரேலியாவில் மின்ஜெரிபா என்ற மணல் தீவு நம் கதைக்கு இன்னும் நெருக்கமானது. குவாண்டமூக்கா மக்களின் தாயகம் அது. ஏறத்தாழ 275 சதுர கிலோமீற்றர் பரப்பு, பெரும்பகுதி மணல், அதற்குள் நன்னீர். பல பத்தாண்டுகள் அங்கே கனிய மணல் அகழப்பட்டது. 2011 இல் அந்த மக்களின் பூர்வீக உரிமையை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 2019 இன் இறுதியோடு மணல் அகழ்வு முடிவுக்கு வந்தது. உரிமை முதலில் ஏற்கப்பட்டது, அகழ்வு பிறகு நின்றது. இந்த வரிசையை நான் முக்கியமாக நினைக்கிறேன்.

நமக்குப் பக்கத்திலேயே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பாலக்காட்டின் பிளாச்சிமடையில், 2000 இல் கொக்கோ கோலா ஆலை திறக்கப்பட்டது. அது சுரங்கம் இல்லைதான். ஆனால் நிலத்தடி நீரைச் சுரங்கப்பொருள்போல எடுத்தது. கிணறுகள் கெட்டபோது முதலில் குரல் கொடுத்தவர்கள் இரவாளர், மலசர் பழங்குடியினர். இரவாளர் சமூகத்தைச் சேர்ந்த மயிலம்மா அந்தப் போராட்டத்தின் முகமானார். நிலத்தடி நீர் பொதுமக்களின் சொத்து என்று 2003 டிசம்பரில் கேரள உயர் நீதிமன்றத்தின் ஒரு நீதிபதி தீர்ப்பளித்தார். மேல் அமர்வு 2005 இல் அதை மாற்றியது. ஆனால் 2004 மார்ச்சில் மூடிய ஆலை மறுபடி திறக்கவில்லை. மட்டக்களப்பு மக்களுக்கும் இந்த அனுபவம் அந்நியமானதன்று. பெரிய புல்லுமலையில் போத்தல் குடிநீர்த் தொழிற்சாலை அமைக்கப்படுவதற்கு எதிராக 2018 செப்டம்பரில் மாவட்டம் முழுவதும் ஹர்த்தால் நடந்தது. புல்லுமலைத் தண்ணீர் பாறை வெடிப்புகளில் நிற்பது, வாகரைத் தண்ணீர் மணலில் நிற்பது. எவ்வளவு இருக்கிறது என்று அளந்து ஊருக்குச் சொல்லாமலே எடுக்கத் தொடங்குவதுதான் இரண்டிலும் பொதுவான அநியாயம்.

பூர்வகுடி மக்களின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் பிரகடனத்துக்கு 2007 இல் இலங்கை ஆதரவாக வாக்களித்தது. அதன் 32 ஆவது உறுப்புரை கனிமத்தையும் நீரையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அம்மக்களின் நிலத்தில் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுக்கும் முன், அவர்களுடைய சுதந்திரமான, விளக்கம் பெற்ற சம்மதத்தைப் பெற முயல வேண்டும் என்கிறது. உள்நாட்டுச் சட்டப்படி பெரிய அகழ்வுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு வேண்டும். அறிக்கை வெளிவந்தபின் பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 நாட்கள். வாகரைத் தண்ணீரின் கதையோ ஒரு முழு ஆண்டின் கதை. தை மாதத்தில் அளந்தால் எல்லாக் கேணியும் நிறைந்திருக்கும், எல்லா அறிக்கையும் பாதிப்பில்லை என்று சொல்லும். ஆவணி, புரட்டாசியில் அளக்க வேண்டும். அப்போதுதான் உப்பு எவ்வளவு மேலே நிற்கிறது என்று தெரியும்.

என் முடிவு இது. கடலுக்கும் களப்புக்கும் நடுவிலுள்ள ஒடுங்கிய மணல் பட்டைகளில், குடிநீருக்குக் கேணியையும் கிணற்றையும் நம்பி மக்கள் வாழும் இடங்களில், கனிய மணல் அகழ்வுக்கு அனுமதி கொடுக்கவே கூடாது. மற்ற இடங்களில், ஆய்வு உரிமம் கொடுக்கும் முன்பே, குறைந்தது ஒரு மாரியும் ஒரு கோடையும் கிணற்று நீர்மட்டமும் உப்பும் அளக்கப்பட்டு, அந்த அளவுகள் தமிழில் ஊர்ச்சபைக்கு முன் வாசிக்கப்பட வேண்டும். அளப்பவர்களில் வேடர் ஊர்களின் இளைஞர்கள் இருக்க வேண்டும்.

அதற்காக யாரும் கொழும்பிலிருந்து வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. எழுவான்கரையில், கல்குடாவில், வாகரையில் வீட்டில் கிணறு உள்ளவர்கள் ஒரு கயிற்றை எடுத்துச் சாணுக்கு ஒரு முடிச்சுப் போட்டு, நுனியில் கல்லைக் கட்டுங்கள். கிணற்றுக் கட்டின் ஒரே இடத்திலிருந்து, மாதம் ஒரு முறை, விடியற்காலையில், யாரும் அள்ளும் முன் இறக்கி, நீர்மட்டம் வரை எத்தனை முடிச்சு, மிச்சம் எத்தனை விரல் என்று எண்ணுங்கள். பாடசாலை விஞ்ஞான ஆசிரியர்கள் கையடக்க மின்கடத்துதிறன் மானி ஒன்றை வாங்கினால் உப்பையும் அளக்கலாம். நல்ல கிணற்று நீர் பெரும்பாலும் சென்ரிமீற்றருக்கு 1,000 மைக்ரோசீமன்ஸுக்குள் இருக்கும், கடல்நீர் 50,000 அளவில் இருக்கும், இடையில் எங்கே நகர்கிறது என்று பார்த்தால் போதும். திகதியோடு ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே படிக்கும் உங்கள் பிள்ளைகளிடம் ஒரு பிரதி கொடுங்கள். நாளை ஒரு நிறுவனம் வந்து ‘உங்கள் தண்ணீர் முன்பும் இப்படித்தான் இருந்தது’ என்று சொன்னால், எடுத்துக் காட்ட அந்தக் கொப்பி வேண்டும். ஐப்பசி மழை இறங்குவதற்கு முன் முதல் அளவை எழுதிவிடுங்கள்.